மூச்சோ மாமா ஸ்பானிஷ் படித்த கதை

என் அக்கா கணவர் சேராத வகுப்பில்லை. முடித்த வகுப்பும் இல்லை.

அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு வரிசையாக மாட்டிய சான்றிதழ்களைப் பார்க்கிற புதியவர்கள், ஏதோ பேராசிரியர் வீட்டுக்கு வந்துவிட்டோமென்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். முதலுதவி, கீபோர்டு, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது, தேனீ வளர்ப்பு என்று பலதும் இருக்கும். கிட்டே போய்ப் படித்தால் எல்லாவற்றிலும் 'கலந்துகொண்டார்' என்றுதான் போட்டிருக்கும். 'தேர்ச்சி பெற்றார்' என்று ஒன்றில்கூட இருக்காது. தேனீ வளர்ப்புக்குச் சான்றிதழ் வைத்திருக்கிற மாமா, வீட்டுக்குள் ஒரு தேனீ வந்தால் எல்லோருக்கும் முன்னால் கட்டில்மேல் ஏறி நிற்பார். அக்கா அந்தச் சுவரைத் தூசு தட்டும்போதெல்லாம், "கலந்துக்கிட்டாராம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

மாமா ஒரு டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். அதே கடையில் பில் போடும் வேலை எனக்கு. அவர் சிபாரிசில் வந்தவன் என்பதால், அவரைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்குக் கடையில் கிடையாது. வீட்டில்தான். நான் குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியறையில் என்பதால் அந்த உரிமையை நான் குறைவில்லாமல் அனுபவித்து வந்தேன்.

ஒரு நாள் எங்கள் முதலாளியம்மா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார். உசத்தியான டைல்ஸ் எல்லாம் எங்களுக்கு ஸ்பானிஷ் பேசுகிற ஊர் ஒன்றிலிருந்த தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. "அவங்க பாஷை தெரிஞ்ச ஒருத்தர் நம்மகிட்ட இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. வெயிலில் நிற்கிறவர், கொஞ்சம் மழை பெய்தால் தேவலை என்பாரே, அந்த மாதிரிதான் சொன்னார். மாமா அன்று சாயங்காலமே மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தளத்தில் நடந்தது. கீழே இரும்புக் குண்டுகளைத் தரையில் போடும் ஒவ்வொரு முறையும் மேலே கரும்பலகை அதிரும். முதல் பாடம் வணக்கம் சொல்வது. இரண்டாம் பாடம் எண்கள். இந்த இரண்டையும் மாமா எப்படியோ தாண்டிவிட்டார். மூன்றாம் பாடம், படிப்பைப் பற்றிப் பேசுவது. நான் படிக்கிறேன், நீ என்ன படிக்கிறாய், எனக்குப் பிடித்த பாடம் இது, எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று ஒரே படிப்பு மயம். மாமாவுக்கு வாழ்நாள் முழுக்கத் தமிழில் பேசிவந்த விஷயம் இப்போது ஸ்பானிஷிலும் கிடைத்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அந்தப் பாடத்தை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை, கண் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவை வாசலில் மறித்தார்.

"எஸ்தூதியோ என் காசா" என்றார்.

"உங்க காசுதான். அதை நான் எங்க எடுத்தேன்?" என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"காசு இல்லடி. 'என் காசா'ன்னா வீட்டுலன்னு அர்த்தம். நான் வீட்டுல படிக்கிறேன்."

"எப்போ?"

இந்தக் கேள்விக்கு மூன்றாம் பாடத்தில் பதில் இல்லை. மாமா வழியை விட்டார்.

அக்கா மகளுக்கு அது பரீட்சைக் காலம். சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். மாமா எதிர் நாற்காலியில் வந்து அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"தெங்கோ உன் எக்சாமென் மன்யானா. எங்க, சொல்லு பார்ப்போம்."

"என் எக்சாமுக்கு என்னப்பா?"

"'உன்'னா 'ஒரு'ன்னு அர்த்தம்மா. நாளைக்கு எனக்கு ஒரு பரீட்சை இருக்கு."

"உங்களுக்கா?"

"சும்மா ஒரு வாக்கியத்துக்குச் சொல்றேன்."

"எனக்கு வாக்கியத்துக்கு இல்லப்பா, நிஜமாவே இருக்கு. கெமிஸ்ட்ரி."

அப்படியா என்று எழுந்து போகிறவரா மாமா? எப்படிப் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள், சூத்திரங்களுக்குப் பச்சை, நடுநடுவே தண்ணீர், முதலில் ஒரு கால அட்டவணை. அட்டவணையைத் தானே போட்டுக் கொடுப்பதாகச் சொல்லி, அளவுகோல் வைத்துக் கோடு இழுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் புத்தகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு என் மாடியறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். "மாமா, அப்பா படிப்பைப் பத்திப் பேசி முடிச்சதும் சொல்லுங்க, நான் கீழ போறேன்" என்றாள். கீழே அட்டவணை மிக அழகாக வந்திருந்தது. பூ வேலைப்பாடெல்லாம் இருந்தது.

ஆரம்ப வகுப்பு முடிந்தது. கூடப் படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். மாமா மறுபடியும் ஆரம்ப வகுப்பிலேயே சேர்ந்தார். "அஸ்திவாரம் கெட்டியா இருக்கணும்" என்றார் என்னிடம். அதுவும் முடிந்தது. திரும்பவும் சேர்ந்தார். அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறுவதாக இல்லை. காரணம் எனக்கு ஒரு நாள் அவரைக் கூப்பிடப் போனபோதுதான் புரிந்தது. வாயைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டு புதிதாக வந்திருந்தவர்கள் நடுவில், மாமா பழம் தின்று கொட்டை போட்டவர் போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஆரம்பத்துல எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். எஸ்தூதியோ மூச்சோ. மூச்சோன்னா நிறைய. நிறையப் படிக்கணும்" என்று அவர் சொல்ல, அவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்பில் இவர் கடைசி ஆள். இங்கே ராஜா. யார் எழுந்து போவார்கள்?

அந்த 'மூச்சோ'வைக் கடையிலும் மூச்சுக்கு மூச்சு சொன்னதில், லோடு இறக்குகிறவர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "மூச்சோ வர்றார், டைல்ஸைக் கீழ வை" என்பார்கள். மாமாவுக்கு அதில் பெருமைதான்.

பிறகு அந்தத் தொழிற்சாலையிலிருந்து விற்பனை அதிகாரி ஒருவர் நேரில் வரப்போவதாகச் செய்தி வந்தது. முதலாளியம்மா மாமாவைக் கூப்பிட்டு, "அவரோட மொழிபெயர்க்கிற பொண்ணு வருது. இருந்தாலும் நீங்களும் நாலு வார்த்தை பேசினா நமக்கு மரியாதை" என்றார். மாமா அன்றைக்கே கோட்டு தைக்கக் கொடுத்தார். நாலு வார்த்தை என்ன, நாற்பது வார்த்தை என்று என்னிடம் விரலை ஆட்டினார்.

அதிகாரி வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, முகம் நிறையச் சிரிப்பு. மொழிபெயர்க்கிற பெண் வரவில்லை. அவளுக்கு வயிறு சரியில்லாமல் ஓட்டலில் படுத்துவிட்டாளாம்.

"பரவாயில்ல, நம்ம மேனேஜர் இருக்காரே" என்றார் முதலாளியம்மா.

மாமாவின் முகம் பேயறைந்தது போலாயிற்று. ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மனிதர் பின்வாங்க முடியாது. முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"யோ எஸ்தூதியோ எஸ்பன்யோல்."

முதலாளியம்மா அவர் காதருகே குனிந்தார். "என்னங்க, வந்தவரை எடுத்ததும் யோங்கிறீங்க?"

"யோன்னா 'நான்'னு அர்த்தம்மா. நான் ஸ்பானிஷ் படிக்கிறேன்னு சொன்னேன்."

அதிகாரிக்கோ ஏக சந்தோஷம். இந்த மனிதருக்கு நம் பாஷை தெரிகிறதென்று அணையைத் திறந்துவிட்டது போலப் பேச ஆரம்பித்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சீ" என்றார். அவர் மேலும் பேசினார். "சீ, சீ" என்றார் மாமா.

முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது. "அவர் அப்படி என்ன அசிங்கமா பேசிட்டாரு?"

"சீன்னா ஆமான்னு அர்த்தம்மா."

"ஆமான்னா நல்லது. எதுக்கு ஆமா?"

"பொதுவாத்தான் சொன்னேன்" என்றார் மாமா.

நான் பில் மேசையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஒரு டைலை எடுத்துத் திருப்பி, அதன் முதுகில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டி, ஏதோ கேட்டார். இந்த ஊர் சுவருக்குச் சரிப்படுகிறதா, ஏதாவது புகார் வந்ததா என்று கேட்டிருப்பார். இதற்கும் சீ என்றால் சரியாக இருக்குமா என்று மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதனால் மூன்றாம் பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பிடித்த பாடம் கணக்கு என்று ஸ்பானிஷில் சொன்னார்.

அதிகாரியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அப்படியே நின்றது.

பேச்சு நின்றுவிட்டதே, நல்ல சகுனம் என்று நினைத்த மாமா தொடர்ந்தார். "தெங்கோ உன் எக்சாமென் மன்யானா."

அதிகாரி டைலை மெதுவாகக் கீழே வைத்தார். மாமாவின் காதோர நரையைப் பார்த்தார். தோளில் கை வைத்து, இரண்டு தடவை அழுத்தினார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார். வேலை பார்க்கிறவரை இந்த வயதில் படிக்க வைக்கிற அம்மாவுக்கு அந்த வணக்கம். வியாபாரம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அம்மாவும் பதிலுக்கு வணங்கினார்.

கடைசியாக அதிகாரி ஒரு படப் புத்தகத்தைப் பிரித்தார். வழக்கமாக எங்களுக்கு வருகிற கண்டெய்னரில் இந்தத் தடவை பாதி இடம் காலியாக இருந்தது. அதில் எதை ஏற்றுவது என்பதுதான் கேள்வி. இது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. ஒரு பக்கத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"சீ, சீ" என்றார் மாமா. மாடு மாதிரி ஒரே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "மூச்சோ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "மூச்சோ?"

"மூச்சோ, மூச்சோ."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமாவின் பேச்சு ஓயவில்லை. ஸ்பானிஷ்காரர்கள் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பதற்றப்படாமல் நிற்க வேண்டும் என்று மகளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் அடுத்த தடவைப் பரீட்சைகளையும் எழுதி முடித்துவிட்டு அப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சரிப்பா" என்றாள்.

கண்டெய்னர் வந்த அன்று குடோனில் முதல் கார்ட்டனைப் பிரித்த லோடுமேன் உள்ளே வந்து, "மேனேஜர் சார், மீன் வந்திருக்கு" என்றார்.

"பக்கத்து ஓட்டலுக்கா இருக்கும். அங்க அனுப்பிடு" என்றார் மாமா, நிமிராமலே.

"இல்ல சார். டைல்ஸு."

போய்ப் பார்த்தோம். நீலத் தரையில் ஆரஞ்சு மீன். முழங்கை நீளம். கண்கள் இரண்டும் பிதுங்கி, வாயை 'ஓ' என்று பிளந்துகொண்டு நின்றது. அடுத்த கார்ட்டனிலும் அதே மீன். அதற்கடுத்ததிலும். குடோனின் பாதியை அந்த மீன்கள் நிறைத்துவிட்டன. யாரும் வாங்காமல் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகக் கிடந்ததை, இதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஆமாம், நிறைய என்று நாம் சொல்லியிருக்கிறோம்.

முதலாளியம்மா தொழிற்சாலைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். வயிறு குணமாகியிருந்த மொழிபெயர்ப்புப் பெண் எடுத்தாள். சரக்கு வந்து சேர்ந்ததா என்று விசாரித்தாள். பிறகு, "சார் ஒண்ணு கேக்கச் சொன்னார். உங்க கடையில ஒரு வயசான மாணவர் இருக்காராமே, அவருக்குக் கணக்குப் பரீட்சை எப்படிப் போச்சாம்?" என்றாள்.

லோடுமேன் கார்ட்டன் அட்டையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"மேனேஜர், கேக்குறாங்க பாருங்க. சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா.

மாமா மீனைப் பார்த்தார். மீனும் மாமாவைப் பார்த்தது. அந்த நேரத்தில் இரண்டு வாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போனை வைத்துவிட்டு அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீங்க ஆமா சொல்றது பிரச்சினையில்ல. எதுக்குச் சொல்றோம்னே தெரியாம சொல்றீங்க பாருங்க, அதுக்கு இங்க சம்பளம் கிடையாது" என்றார். மறுநாள் கொத்தனாரை வரவழைத்தார். மாமாவின் அறைச் சுவர் முழுக்க மீன் ஒட்டச் சொன்னார். மாதிரிக்கு அதுதான் இடம், வருகிற வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்றார். மாமா நாற்காலியில் உட்கார்ந்தால், அவர் தலையைச் சுற்றி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எதிரே உட்கார்கிறவர்களுக்கு அவர் பேசுவது காதில் விழாது. மீன்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

வகுப்புக்காவது போய் ராஜாவாக உட்காரலாம் என்று மாமா நான்காவது முறையாக ஆரம்ப வகுப்பில் சேரப் போனார். டீச்சர் நல்ல பெண்மணிதான். ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

"சார், இதுல இனிமே உங்களுக்கு இடமில்ல. புதுசா வர்றவங்க என்னைக் கேக்காம உங்களைக் கேக்குறாங்க. நீங்க சொல்றதுல பாதி தப்பு. மேல வாங்க, இல்லைன்னா விட்டுடுங்க."

விட்டுவிடுவார் என்றுதான் நானும் அக்காவும் நினைத்தோம். ஜெர்மன் வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரிப்பார் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அறைக்குள் அத்தனை மீன்களோடு உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு ரோஷம் வராமல் எங்கே போகும்? மேல் வகுப்புக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் வெளிநாட்டு வேலைக்காக உயிரைக் கொடுத்துப் படிக்கிற நர்சுகள். டீச்சர் முதல் நாளே இறந்தகாலத்தை ஆரம்பித்து, ஒவ்வொருவரையும் நேற்று என்ன படித்தீர்கள் என்று கேட்டார். மாமாவின் முறை வந்தது. படிக்கிறேன் என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். நேற்றுப் படித்தேன் என்று சொன்னால் எதை என்று அடுத்த கேள்வி வரும். அவர் விழித்தார். பக்கத்திலிருந்த நர்சு இரக்கப்பட்டு, "நாதான்னு சொல்லுங்க சார். ஒண்ணுமில்லன்னு அர்த்தம்" என்று கிசுகிசுத்தாள்.

"நாதா" என்றார் மாமா. ஸ்பானிஷில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அக்காவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. "நாதா, சாப்பிட வாங்க", "நாதா, குப்பையைக் கொண்டு போய்ப் போடுங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா அதைக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்திலும் புருஷன்மேல் இவ்வளவு மரியாதையா என்று தன் மருமகளிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன்பிறகு மாமாவிடம் ஒரு மாற்றம். சாயங்காலம் வந்ததும் ஸ்பானிஷ் புத்தகத்தோடு மேசையின் ஒரு மூலையில் உட்கார்வார். எதிர் மூலையில் மகள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அக்கா ஒரு தடவை அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அட்டவணை எதுவும் போடவில்லை, மஞ்சள் பச்சை எதுவும் இல்லை. அவ்வளவு பாடுபட்டும் மேல் வகுப்பின் முடிவில் வைத்த பரீட்சையில் மாமா தோற்றுப்போனார். இத்தனை வகுப்புகளில் அவர் எழுதிய முதல் பரீட்சை அதுதான் என்பதால், அக்கா அதை ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டாள். "கலந்துக்கிட்டதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். இந்த முடிவுக்கு மட்டும் மாமா சட்டம் போடவில்லை.

மீன்களும் மெல்ல மெல்லக் குறைந்தன. ஒரு நீச்சல் குளத்துக்காரர் கொஞ்சம் எடுத்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று கொஞ்சம் எடுத்தது. மீன் கடைக்காரர் ஒருவர் மட்டும் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய மீனைச் சுவரில் ஒட்டினால் என் சரக்கு சின்னதாகத் தெரியும் என்று போய்விட்டார்.

அடுத்த வருஷம் அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை மொழிபெயர்ப்புப் பெண்ணும் நல்லபடியாகக் கூட வந்திருந்தாள். அவர் நேராக மாமாவிடம் போய்க் கையைப் பற்றிக்கொண்டு, பரீட்சையைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வி மாமாவுக்குப் புரிந்தது. ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"எஸ்பன்யோல். சுஸ்பெந்தி" என்றார்.

முதலாளியம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "சஸ்பெண்டா? நான் எப்போ பண்ணேன்?"

"இல்லம்மா. ஸ்பானிஷ்ல பெயிலாயிட்டேன்னு சொன்னேன்."

அதிகாரி முதலில் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மீசை நனைகிற அளவுக்குச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"சாரும் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல மூணு தடவை பெயிலாம். அதனாலதான் போற இடத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போறாராம்" என்றாள் அவள்.

பேச்சு வியாபாரத்துக்குத் திரும்பியது. அதிகாரி பையைத் திறந்து புதிய படப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, பழக்கதோஷத்தில் மாமாவைப் பார்த்தே ஏதோ கேட்டார். நான் பில் மேசையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். முதலாளியம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோ எந்தியெந்தோ" என்றார் மாமா. சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.

"அப்பாடா" என்றார் முதலாளியம்மா. "அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்க."